மாமியாருக்குக் கை முறிவு, மகனுக்குக் கொப்புளம், கொட்டகையில் குளிரில் விறைத்த குட்டி: இந்த வாரம் எதை விடுவது?

லிம் சூ காங் கொட்டகை
ஞாயிறு, 12 ஜனவரி 2025, காலை 8.05

எல்லாருக்கும் வணக்கம். கொட்டகையின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து போனில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் சின்ன அளவில் ஆடு வைத்திருக்கிறோம். மொத்தம் 27, அதில் 11 கறவையில் இருக்கின்றன, இரண்டு நிறைசினை. கணவரும் அவர் அண்ணனும் சேர்ந்து பார்க்கிற வேலை, புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் உதவிக்கு இருக்கிறார். தம்பி பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார், அண்ணனும் குடும்பத்தோடு ஊரில். கணவருக்கு 6ஆம் தேதியிலிருந்து 17 வரை ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சி), வார இறுதிக்கு மட்டும் வந்திருக்கிறார், இன்று இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாரம்தானே, நான் ஒருத்தியே சமாளித்துக்கொள்வேன் என்று நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை மூன்று வயது மகனுக்குக் கை, கால், வாய் நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பாலர் பள்ளிக்கு அனுப்ப முடியாது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பேய்மழை. சாரல் எங்கள் மாடி நடைபாதை முழுக்க அடித்துத் தேங்கிக் கிடந்தது, செருப்பு ஸ்டாண்டை உள்ளே இழுக்கப் போன மாமியார் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. இப்போதைக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், அறுவை சிகிச்சை வேண்டுமா என்று புதன்கிழமை சொல்வார்களாம். அவருக்குச் சர்க்கரை வேறு. மகள் மூன்றாம் வகுப்பு, பாவம் அவள்தான் தம்பிக்குப் பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறாள். நான் கொட்டகைக்கு வருகிற நேரமெல்லாம் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியவில்லை.

இப்போது அவசரமான விஷயம். வெள்ளச்சி இன்று விடிகாலை குட்டி போட்டிருக்கிறாள். நாலே முக்காலுக்கு நான் வந்தபோது இரண்டு குட்டிகள். பெரியது எழுந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. சின்னது சாரல் அடிக்கிற மூலையில் நனைந்து கிடந்தது. துடைத்துத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கறவைக்குப் போனேன், போகாமல் முடியாது, மற்றதெல்லாம் மடி கனத்துக் கத்துகின்றன. இப்போது வந்து பார்த்தால் தலையைத் தூக்கவில்லை. வாய்க்குள் விரலை வைத்தால் உள்ளேயும் சில்லென்று இருக்கிறது, உறிஞ்சவும் இல்லை. வழக்கமாக வருகிற மருத்துவரால் மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்கிறார்கள். சீம்பால் கறந்து வைத்திருக்கிறேன், சிரிஞ்சில் வாயில் ஊற்றலாமா?

இன்னொன்று, 11 ஆட்டையும் இரண்டு வேளை கையால் கறப்பது நாளையிலிருந்து என்னால் முடியாது. ஒரு வேளை ஆக்கினால் மடி கெட்டுவிடுமா? கொட்டகை வேலையில் எதையெல்லாம் இந்த வாரம் தைரியமாக விடலாம்?


நாமக்கல் பையன்
காலை 8.17

அக்கா, ஊற்றாதீர்கள்! உறிஞ்சாத குட்டிக்கு வாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், அதோடு போச்சு. முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

நான் நாமக்கல்லில் கால்நடை படித்தவன், இங்கே வேறு வேலை பார்க்கிறேன், ஆனால் இந்த வேலை கை மறக்கவில்லை. தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். குட்டிக்கு 39 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 37க்குக் கீழே இருந்தால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளே போனாலும் செரிக்காது.

நேரம் முக்கியம். பிறந்து ஐந்து மணி நேரம் தாண்டிய குட்டியாக இருந்தால் உடம்பில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பெல்லாம் தீர்ந்திருக்கும். அந்த நிலையில் சூட்டை மட்டும் ஏற்றினால் வலிப்பு வந்துவிடும், முதலில் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும், அது மருத்துவர் கையால்தான். உங்களுடையது நாலு மணிவாக்கில் பிறந்தது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. மருத்துவரைப் போனில் பிடித்துக் குட்டியின் சூட்டைச் சொல்லிவிட்டு உடனே ஆரம்பியுங்கள்.

ஈரத்துணியை எடுத்துப் போட்டுவிட்டுக் காய்ந்த துண்டால் விலாவை நன்றாகத் தேயுங்கள், முடி எழும்பி நிற்கிற அளவுக்கு. ஹேர் டிரையர் இருந்தால் மிதமான சூட்டில். காலி குடிநீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள், தோலில் நேரே படக் கூடாது. பெட்டிக்கு மேல் ஒரு துணி, மூச்சுக்கு இடம் விட்டு. தயவுசெய்து வெப்ப விளக்கை வைக்கோல் பக்கத்தில் கட்டாதீர்கள், ஆள் இல்லாத கொட்டகையில் தீப்பிடிக்க அது ஒன்று போதும்.

அரைமணிக்கு ஒரு தடவை சூடு பாருங்கள். 37 தாண்டி, தலையைத் தூக்கி, விரலை உறிஞ்ச ஆரம்பித்த பிறகு சீம்பால். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள், அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம், நோய் எதிர்ப்புச் சத்து கெட்டுவிடும். குட்டி எத்தனை கிலோ?


லிம் சூ காங் கொட்டகை
காலை 8.31

2 கிலோ. மகனுடைய பழைய தெர்மாமீட்டர் பையிலேயே இருந்தது. 36.2 காட்டுகிறது. மருத்துவரிடம் பேசிவிட்டேன், நீங்கள் சொன்னதையேதான் சொன்னார், ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். ஹேர் டிரையர் இல்லை, பாட்டில் இருக்கிறது. வைக்கிறேன்.


ஈசூன் தாதி
காலை 9.50

குட்டி நலமாகட்டும். நான் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மாவுக்கட்டு போட்டு அனுப்புகிற அவசரத்தில் பல விஷயங்கள் குடும்பத்தின் காதில் ஏறுவதில்லை.

மாமியாரின் அந்தக் கையில் மோதிரம், வளையல் ஏதாவது இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள், விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ புதன்கிழமை வரை காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவு. அடிபட்டால் சர்க்கரையும் ஏறும், அதனால் வீட்டில் அளக்கிற கருவி இருந்தால் வழக்கத்தை விட அடிக்கடி பாருங்கள்.

மகனுக்குச் சூடான கஞ்சி இறங்காது. ஆறவைத்த கஞ்சி, தயிர், குளிர்ந்த பால் இதெல்லாம் இறங்கும். சிறுநீர் போகிறானா என்பதைக் கவனியுங்கள், ஆறேழு மணி நேரம் டயப்பர் நனையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கொட்டகைப் பாலைக் கொடுப்பதாக இருந்தால் பொங்கக் காய்ச்சி ஆறவைத்துத்தான், பச்சைப் பால் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவனிடமிருந்து ஆடுகளுக்கோ ஆடுகளிடமிருந்து அவனுக்கோ இது வராது. ஊரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாயிலும் குளம்பிலும் வருகிற கோமாரி வேறு வைரஸ். குழந்தைகளுக்கு வருகிற இந்தக் கொப்புளம் மனிதர்களுக்குள்ளேயே பரவுகிற வேறு வைரஸ். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் நிறைய பேர் குழம்புகிறார்கள். மகளுக்கும் மக்சிக்குக்கும்தான் பரவ வாய்ப்பு. பாட்டிலில் வரும் சானிட்டைசர் இந்த வைரஸுக்கு அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் சரி. டயப்பர் மாற்றும் இடத்தையும் பொம்மைகளையும் தண்ணீர் கலந்த பிளீச்சால் துடையுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. இந்த மழையில் சேற்றில் வேலை செய்கிறீர்கள். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, சிங்கப்பூர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் உள்ள பாக்டீரியாவால் வருவது, பலத்த மழைக்குப் பிறகு அதிகம் பார்க்கிறோம், ஆடுகளுக்கும் வரும். கையில் காலில் கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர், பூட்ஸ், கையுறை. கொட்டகைச் சேறு பட்ட பூட்ஸை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களை இது மோசமாகத் தாக்கும், உங்கள் மாமியாரை நினைத்துத்தான் சொல்கிறேன்.


லிம் சூ காங் கொட்டகை
காலை 10.55

உறிஞ்சுகிறது! 9 மணிக்கு 36.8, ஒன்பதரைக்கு 37.5, பத்துக்கு 38.3. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, அப்புறம் ஒரு சின்னச் சத்தம், பூனைக்குட்டி மாதிரி. விரலை வைத்தேன், நாக்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அந்த இழுப்பு விரல் நுனியில் இன்னும் இருக்கிறது. 60 மில்லி குடித்துவிட்டது தம்பி. உங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

தாதி அக்கா, மோதிரம் இருந்தது. கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், எண்ணெய் தடவிக் கழற்றிவிட்டாராம், ஏற்கெனவே இறுகித்தான் இருந்ததாம். கோமாரி விஷயத்தில் நான் உண்மையிலேயே பயந்துகொண்டிருந்தேன், வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டில் போட்ட துணியோடு ஆட்டுப் பக்கமே போகவில்லை.


நாமக்கல் பையன்
காலை 11.20

சந்தோஷம் அக்கா. 2 கிலோவுக்கு ஒரு தடவைக்கு 100 மில்லி வரை கொடுக்கலாம், முதல் 24 மணி நேரத்துக்குள் 400 மில்லியாவது உள்ளே போய்விட வேண்டும். தொப்புளை டிங்சர் அயோடினில் நனைத்தீர்களா? இல்லையென்றால் இப்போதே. உங்கள் பழைய டி-ஷர்ட் கையை வெட்டி நாலு ஓட்டை போட்டால் குட்டிக்குச் சட்டை ஆகிவிடும்.

இனி கறவை. ஒரு வேளை ஆக்கலாம், பயப்படாதீர்கள். பால் குறையும், ஒரு வாரத்துக்குத்தானே. கொஞ்சமாகக் கறக்கிறவற்றை நாளைக்கே ஒரு வேளைக்கு மாற்றுங்கள், அடர்தீவனத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள், வைக்கோலும் தழையும் மட்டும் வயிறு நிறைய. குட்டி உள்ள தாய்களுக்கு வேறு வழி. ஒரு வாரம் தாண்டிய குட்டிகளை இரவு மட்டும் தனியாக அடையுங்கள், காலையில் நீங்கள் கறங்கள், பகல் முழுக்கக் குட்டிகளைத் தாயோடு விட்டுவிடுங்கள், மாலைக் கறவையை அவை பார்த்துக்கொள்ளும். அதிகம் கறக்கிற நாலைந்து மட்டும் இரண்டு வேளையே இருக்கட்டும். வெள்ளச்சியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவள் சீம்பால் குட்டிகளுக்கு வேண்டும்.

ஒவ்வொரு நாளும் முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரித்திரியாகவோ தண்ணீராகவோ வந்தால், மடி ஒரு பக்கம் சூடாகக் கல் மாதிரி இருந்தால், அந்த ஆட்டை முழுசாகக் கறந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பால் யாருக்கும் வேண்டாம்.

விடக்கூடியவை என்றால், குளம்பு வெட்டுவது, எடை போடுவது, பரணுக்கு அடியில் புழுக்கை அள்ளுவது எல்லாம் அடுத்த வாரத்துக்குப் போகட்டும். படுக்கிற பலகை காய்ந்திருக்க வேண்டும், தீவனம் நனையக் கூடாது, இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைக் காயவைத்துப் போடலாம் என்று தோன்றும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். மூளையைத் தாக்குகிற நோய் அதிலிருந்து வரலாம்.


கிராஞ்சி தோட்டக்காரன்
பிற்பகல் 1.15

சகோதரி, நான் ஆடு வளர்ப்பவன் இல்லை. 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி ஒன்று, அதில் பயற்றங்காயும் கீரையும். இந்த மழையில் எல்லாம் போய்விட்டது. 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது, ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4தான். வெயில் முகமே பார்க்காமல் வெப்பநிலை 22 வரைக்கும் இறங்குகிறது. ஊரில் மார்கழிப் பனியைப் பார்த்தவர்களுக்கு 22 பெரிதாகத் தெரியாது, ஆனால் நனைந்த உடம்பில் காற்று அடித்தால் பிறந்த குட்டிக்கு அது போதும் போலிருக்கிறது.

இப்போது காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கொட்டகையின் அந்தப் பக்கத்தை மட்டும் தார்ப்பாய் போட்டு அடைத்தால் சாரல் நிற்கும். நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள், மேலே ஓர் அடி திறந்திருக்கட்டும். மூடிய பிறகு குட்டி படுக்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் மூத்திர நெடி தங்குகிறது என்று அர்த்தம், இன்னும் திறக்க வேண்டும். என்னிடம் பெரிய தார்ப்பாய் ஒன்றும் கயிறும் இருக்கின்றன. நாலு மணிக்கு வந்து கட்டித் தருகிறேன், இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் மனைவியும் வருவார்.


தேக்கா தாத்தா
மாலை 6.40

மகளே, நான் எழுபது தாண்டியவன். என் அப்பா சிராங்கூன் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். அந்த வட்டாரமே மாட்டுக் கொட்டகைகளால் பெயர் வாங்கியது. கண்டாங் கெர்பாவ் என்றாலே மலாயில் எருமைக் கொட்டகைதான், பஃபலோ ரோடு இன்னும் இருக்கிறது. என் தம்பி 1966இல் கேகே மருத்துவமனையில் பிறந்தான், அந்த ஒரே வருஷத்தில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை ஆனது. அன்றைக்கு அம்மாவுக்கு வலி எடுத்தபோது சாயங்காலக் கறவை நேரம். அப்பா அம்மாவை அத்தையோடு அனுப்பிவிட்டுக் கறந்து முடித்து, சட்டையை மாற்றி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தார். அம்மா கோபப்படுவாள் என்று பயந்துகொண்டே போனாராம். அம்மா கேட்ட முதல் கேள்வி, செவலைக்குக் காம்பு புண் எப்படி இருக்கு என்பதுதான். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார்.

செவ்வாய்க்கிழமை பொங்கல். நீ எதுவும் செய்யாதே. என் மருமகள் எப்படியும் பெரிய பானை வைக்கிறாள், சர்க்கரைப் பொங்கல், உன் மாமியாருக்குத் தனியாக வெண்பொங்கல், சாம்பார் எல்லாம் காலையில் சுவா சூ காங்கில் உன் வீட்டுக்கு வந்துவிடும். வீட்டில் ஒரு கிண்ணம் பாலை மட்டும் பொங்கவிடு, அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அப்புறம் என் பேரன் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குக் காத்திருக்கிறான், வேலை வெட்டி இல்லாமல் இருக்கிறான். நாளையிலிருந்து விடிகாலை உன்னோடு வருவான். கறக்கத் தெரியாது, ஆனால் பால் போசி (பாத்திரம்) கழுவுவான், தண்ணீர் தூக்குவான்.

கணவரிடம் ஒன்று சொல். குடும்ப அவசரம் என்று முகாம் அதிகாரியிடம் வாயைத் திறந்து கேட்கட்டும். கேட்காமலேயே கிடைக்காது என்று முடிவு செய்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள்.


லிம் சூ காங் கொட்டகை
வியாழன், 16 ஜனவரி, இரவு 9.30

நாலு நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

தார்ப்பாய் ஞாயிறு மாலையே கட்டியாயிற்று. அந்த அண்ணனும் அண்ணியும் நனைந்துகொண்டே கட்டினார்கள். அன்று இரவே பரண் பலகை காய ஆரம்பித்துவிட்டது. தாத்தாவின் பேரன் தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறான், புதன்கிழமை மாட்டுப் பொங்கலுக்கு ஆடுகளின் கொம்புக்கெல்லாம் அவன்தான் மஞ்சள் தடவினான். கணவர் கேட்டார், செவ்வாய் மதியத்திலிருந்து ஒரு நாள் விட்டார்கள், அதனால் புதன்கிழமை மாமியாரை அவரே அழைத்துப் போனார். எலும்பு விலகியிருக்கிறது, தகடு வைக்க வேண்டுமாம், அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. மாமியார் அழவில்லை, ஆனால் பொங்கல் பானையைத் தன் கையால் இறக்க முடியவில்லை என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மகனுக்குக் கொப்புளம் காய்ந்துவிட்டது, நேற்று இரண்டு கிண்ணம் வெண்பொங்கல் சாப்பிட்டான், மக்சிக் மடியில் உட்கார்ந்து.

சின்னக் குட்டி பிழைத்துவிட்டது. என் நீல டி-ஷர்ட்டின் கையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. தாய் இன்னும் அதைச் சேர்க்கவில்லை, முட்டித் தள்ளுகிறாள், அதனால் பாட்டிலில்தான் கொடுக்கிறேன். இரண்டாவது சினை ஆடு கருப்பி பொங்கலன்று விடிகாலை குட்டி போட்டாள். ஒன்று செத்தே பிறந்தது, ஒன்று நன்றாக இருக்கிறது. செத்ததை நக்கிக்கொண்டே இருந்தாள், எடுத்துப் போக எனக்குக் கை வரவில்லை, பேரன்தான் எடுத்தான்.

பதினொன்றில் ஆறு இப்போது ஒரு வேளைதான். ஒன்றுக்கு மட்டும் இடது காம்பில் திரி வந்தது, மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார். மற்றதெல்லாம் நலம்.

தம்பி, ஒரு கேள்வி. கருப்பிக்கு ஒரு குட்டிதான் என்பதால் மடி நிறையப் பால் இருக்கிறது. வெள்ளச்சி தள்ளுகிற இந்தச் சின்னதைக் கருப்பியிடம் சேர்த்துப் பார்க்கலாமா, நாலு நாள் ஆனபிறகு ஏற்றுக்கொள்வாளா?

அப்புறம் நாளையிலிருந்து ஞாயிறு வரை இன்னொரு சுற்று மழை என்கிறார்கள். மேற்குப் பக்கமும் கொஞ்சம் ஒழுகுகிறது. சுவா சூ காங், உட்லண்ட்ஸ் பக்கம் யாரிடமாவது பன்னிரண்டு அடித் தார்ப்பாய் இருந்தால் சொல்லுங்கள், நாளைக் காலை கறவை முடித்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.


நாமக்கல் பையன்
இரவு 9.48

சேர்க்கலாம் அக்கா, முயற்சி செய்து பார்ப்போம். கருப்பிக் குட்டியின் உடம்பைத் துடைத்த துணியாலேயே சின்னதை நன்றாகத் தேயுங்கள், அந்த நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு. கருப்பியைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு, இருட்டில், அவள் தீவனம் தின்கிற நேரம் பார்த்துப் பின்பக்கமாக விடுங்கள். ஆடு வாலடியை முகர்ந்துதான் தன் குட்டியை அடையாளம் காணும், அங்கே அவள் பாலையே கொஞ்சம் தடவுங்கள். இரண்டு மூன்று நாள் ஒவ்வொரு வேளையும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும், அதுவரை பாட்டிலை நிறுத்த வேண்டாம். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, காலை ஐந்து மணிக்கு நான் வருகிறேன். தார்ப்பாய் என்னிடம் இல்லை, ஈசூனில் நண்பரிடம் கேட்டிருக்கிறேன்.